கடைவீதிக்குப் புது நடைபாதை, மரங்கள்: வரைபடம் வந்துவிட்டது, கூடவே சண்டையும்

நிழல்தேடி:

வணக்கம். எங்கள் கடைவீதியைச் சீரமைக்கப் போகிறார்கள். வரைபடம் கைக்கு வந்து இரண்டு வாரம் ஆகிறது. இப்போதுள்ள நடைபாதை ஒன்றரை மீட்டர்தான், அதிலும் பாதியை மின்கம்பம், ஜெனரேட்டர், வெளியே இழுத்து வைத்த போர்டு எல்லாம் பிடித்துக்கொள்கின்றன. எதிரே ஒருவர் பையோடு வந்தால் இருவரில் ஒருவர் சாலையில் இறங்கியாக வேண்டும். புதுத் திட்டத்தில் இரு பக்கமும் நான்கு மீட்டர் நடைபாதை, ஒரு வரிசை மரம், அங்கங்கே இருக்கை. அதற்காக ஒரு பக்கத்துப் பார்க்கிங் மொத்தமாகப் போகிறது, வண்டி ஓடும் பகுதியும் குறுகுகிறது.

குடியிருப்பவர்கள் சார்பில் நான் குழுவில் இருக்கிறேன். முதல் கூட்டத்திலேயே "மரம் வேண்டுமா, வியாபாரம் வேண்டுமா" என்று ஒருவர் எழுந்து கேட்டார், அதன்பிறகு யார் பேசியதும் யார் காதிலும் விழவில்லை. இந்த மாதிரி மாற்றம் எங்கே பலித்தது, எங்கே பலிக்கவில்லை, நாங்கள் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். படத்தில் பச்சையாக வட்டம் வட்டமாகப் போட்டிருக்கிறார்கள். அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்குப் பயமாகவும் இருக்கிறது.

ஷட்டர்7:

நான் கடைக்காரன், எதிர்க்கிற பக்கம். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மரத்துக்கு நான் விரோதி இல்லை. ஆனால் இந்தப் பேச்சில் எப்போதும் விடுபடும் ஆள் கடைக்காரன்தான். வாசலில் பள்ளம் தோண்டிப் போட்டுவிட்டு "மூன்று மாதம்" என்பார்கள், அது ஒன்பது மாதம் ஆகும். வாடகையும் சம்பளமும் அந்த ஒன்பது மாதமும் நிற்குமா? பள்ளத்தின் மேல் போட்ட பலகையில் கால் வைக்கப் பயந்து வாடிக்கையாளர் அடுத்த தெருவுக்குப் போவார், போனவர் அங்கேயே பழகிவிடுவார். இரண்டாவது, என் வாடிக்கையாளர்கள் வண்டியில் வருகிறவர்கள், வண்டி நிறுத்த இடமில்லை என்றால் வரமாட்டார்கள். மூன்றாவது, சரக்கு எங்கே இறக்குவது? நான்காவது, மரம் வளர்ந்து போர்டை மறைக்கும். இந்த நான்குக்கும் பதில் சொல்லிவிட்டு அப்புறம் நிழலைப் பற்றிப் பேசுங்கள்.

பழையவரைபடம்:

ஷட்டர் அண்ணே, நான்கும் நியாயமான கேள்விகள். எனக்குத் தெரிந்தவரை சொல்கிறேன்.

எல்லோரும் எடுத்துக்காட்டுவது கோபன்ஹேகன். 1962 நவம்பரில் ஸ்ட்ரோயெட் என்ற அவர்களின் முக்கியக் கடைவீதியை, ஒரு கிலோமீட்டருக்கும் மேல் நீளம், சோதனையாக வண்டிகளுக்கு மூடினார்கள். அன்றைக்கும் கடைக்காரர்கள் இதையேதான் சொன்னார்கள், வண்டி இல்லையென்றால் வியாபாரம் இல்லை, இந்தக் குளிரில் தெருவில் யார் உட்காரப் போகிறார்கள், அதெல்லாம் இத்தாலிக்காரர்களுக்குத்தான் சரி என்று. 1964-ல் அது நிரந்தரமானது, கூட்டமும் கூடியது. ஆனால் இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் அடுத்த பாதியை விட்டுவிடுகிறார்கள். அந்த ஊர் மையத்தில் பார்க்கிங்கை ஒரே இரவில் பிடுங்கவில்லை. ஆண்டுக்கு இரண்டு மூன்று சதவீதம் என்று பல ஆண்டுகள் சத்தமில்லாமல் குறைத்துக்கொண்டே வந்தார்கள், அதற்குள் மக்களின் பழக்கமும் மாறிவிட்டது.

பலிக்காத கதையும் உண்டு. அமெரிக்காவில் கலமசூ நகரம் 1959-ல் கடைவீதியை நடைவீதி ஆக்கியது, அதைப் பார்த்து ஊருக்கு ஊர் கிளம்பினார்கள், பெரும்பாலானவை காலியாகிப் போயின. கலமசூவே 1998-ல் தன் வீதியின் ஒரு பகுதியில் மறுபடி வண்டிகளை விட்டது. சிகாகோவின் ஸ்டேட் ஸ்ட்ரீட் இன்னும் நல்ல பாடம். 1979-ல் பேருந்து மட்டும் போகலாம் என்று வைத்து நடைபாதையை ஏகத்துக்கும் அகலமாக்கினார்கள். அவ்வளவு அகலத்தில் நூறு பேர் நடந்தாலும் பத்துப் பேர் நடப்பதுபோல் தெரிந்தது, வெறிச்சோடிய தெரு என்ற பெயர் வந்துவிட்டது. 1996-ல் நடைபாதையைத் திரும்பக் குறுக்கி வண்டிகளை விட்டார்கள்.

ஆக அகலம் கூடக்கூட நல்லது என்பதும் கிடையாது. கூட்டத்துக்கு ஏற்ற அகலம் வேண்டும், கொஞ்சம் நெருக்கமாகத் தோன்றினால்தான் அது கடைவீதி.

வண்டியில் வரும் வாடிக்கையாளர் விஷயம்: 2006-ல் இங்கிலாந்தின் பிரிஸ்டலில் கடைக்காரர்களிடம் "உங்கள் வாடிக்கையாளரில் எத்தனை பேர் காரில் வருகிறார்கள்" என்று கேட்டபோது 41 சதவீதம் என்றார்கள். வாடிக்கையாளர்களையே கேட்டபோது 22 சதவீதம். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. காரில் வருகிறவர் வாசலிலேயே நிறுத்துகிறார், இடமில்லை என்று உள்ளே வந்து புலம்புகிறார், அதனால் அவர் நினைவில் நிற்கிறார். நடந்து வந்தவர் எப்படி வந்தார் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

ஷட்டர்7:

பிரிஸ்டல் கணக்கை வைத்து என் வீதியில் முடிவெடுப்பீர்களா? அங்கே கதவைத் திறந்தால் பேருந்து நிற்கும். இங்கே வந்து எண்ணிப் பாருங்கள்.

பழையவரைபடம்:

அதையேதான் சொல்ல வந்தேன் அண்ணே. எண்ணிப் பாருங்கள். நீங்களே எண்ணுங்கள், நிழல்தேடி மட்டும் எண்ணினால் நீங்கள் நம்பமாட்டீர்கள், நீங்கள் மட்டும் எண்ணினால் அவர் நம்பமாட்டார். இருவரும் சேர்ந்து நில்லுங்கள். சாதாரண நாள் ஒன்று, வார இறுதி ஒன்று, காலை, மதியம், மாலை. எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் நடைபாதையிலிருந்து இறங்கி நடக்கிறார்கள், ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு நேரம் நிற்கிறது, அதிலிருந்து இறங்கியவர் எந்தக் கடைக்குள் போனார். கடைசிக் கேள்விதான் முக்கியம், அதை விட்டுவிடாதீர்கள்.

வேர்மண்டை:

இழையை இப்போதுதான் பார்த்தேன். தெரு மரம் நடுவதும் காப்பாற்றுவதும்தான் என் பிழைப்பு, அதனால் கொஞ்சம் நீளமாக எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நிழல்தேடி, அந்தப் பச்சை வட்டங்களைப் பார்த்துப் பயம் வருகிறது என்றீர்களே, சரியான பயம். பக்கவாட்டில் வெட்டிய படத்தை, அதாவது நிலத்துக்கு அடியில் என்ன வைக்கப் போகிறார்கள் என்று காட்டும் படத்தை, கேட்டு வாங்குங்கள். மரத்துக்கு ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழத்தில் குழி என்று போட்டிருந்தால் நீங்கள் மரம் நடவில்லை, பெரிய பூந்தொட்டி வைக்கிறீர்கள். ஒரு கன மீட்டர் மண் அது. கனடாவின் டொரான்டோ நகரம் ஒரு மரத்துக்கு 30 கன மீட்டர் மண் கேட்கிறது. ஸ்டாக்ஹோமில் குறைந்தது 15 என்று வைத்துக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஒன்றுக்கும் முப்பதுக்கும் உள்ள வித்தியாசம் பத்தாவது ஆண்டில் கண்ணுக்குத் தெரியும். இங்கே குடை மாதிரி ஒரு மரம், அங்கே துடைப்பத்தைத் தலைகீழாக நட்ட மாதிரி ஒன்று.

ஏன் இவ்வளவு மண்? வேர் ஆழமாகப் போகும் என்று பலரும் நினைக்கிறார்கள். மரத்தின் பெரும்பாலான வேர்கள் மேலே 60 முதல் 90 சென்டிமீட்டருக்குள்தான் பரவுகின்றன. காரணம் காற்று. வேருக்கு மூச்சு வேண்டும், ஆழத்தில் ஆக்சிஜன் குறைவு. ஆனால் நடைபாதை போடுகிறவருக்கு அதே மேல் 60 சென்டிமீட்டர் கல்லுமாதிரி இறுகியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பாதை அமுங்கிவிடும், அதனால் ரோலர் வைத்து அழுத்துகிறார். அவர் வேலையை அவர் நன்றாகச் செய்யச் செய்ய மரம் சாகும். மரம் அடம்பிடித்துப் பிழைத்துவிட்டால், இறுகிய மண்ணுக்கும் மேலே போட்ட கல்லுக்கும் நடுவே இருக்கும் மெல்லிய இடைவெளியில்தான் அதற்குக் காற்றும் ஈரமும் கிடைக்கும், வேர் அங்கே நுழைந்து பெருத்துக் கல்லைத் தூக்கும். அப்புறம் "இந்த மரத்தால் நடைபாதை போச்சு" என்று மரத்தின் மேல் பழி. கீழே இடம் கொடுக்காததால்தான் அது மேலே வந்தது.

இதற்கு வழி கண்டுபிடித்து முப்பது ஆண்டு ஆகிவிட்டது. 1990-களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் உடைத்த கல்லையும் மண்ணையும் கலந்து ஒரு கலவை செய்தார்கள். சுமார் 80 சதவீதம் கல், 20 சதவீதம் மண். அழுத்தினால் கல்லோடு கல் முட்டி எடையைத் தாங்கும், கல்லுக்கு நடுவே இருக்கும் மண் அழுந்தாது, வேர் அதில் போகும். ஸ்டாக்ஹோம்காரர்கள் இன்னும் பெரிய கல், உள்ளங்கைக்கு அடங்காத அளவு, போட்டு அதன் இடுக்குகளில் மண்ணைத் தண்ணீரோடு கழுவி இறக்குகிறார்கள், மரக்கரியும் சேர்ப்பதுண்டு. மேலே ஜல்லி அடுக்கு, அதற்குக் காற்றுப்போக ஒரு கிணறுமாதிரி துளை. மழைநீரும் அதே துளை வழியே உள்ளே போகிறது. மூன்றாவது வழி, பிளாஸ்டிக் சட்டங்களை மேசைபோல் அடுக்கி, மேலே நடைபாதையைப் போட்டு, மேசைக்குக் கீழே அழுத்தாத நல்ல மண்ணை நிரப்புவது. விலை கூடத்தான். ஆனால் குழிக்குக் குழி தனித்தனியாக வெட்டாமல் வரிசை முழுக்க ஒரே நீள அகழியாக எடுத்தால் மரங்கள் மண்ணைப் பங்கு போட்டுக்கொள்ளும். எட்டு மீட்டருக்கு ஒரு மரம், அகழி இரண்டரை மீட்டர் அகலம், ஒரு மீட்டர் ஆழம் என்றால் மரத்துக்கு 20 கன மீட்டர் வந்துவிட்டது.

குழுவில் காசு போதவில்லை என்ற பேச்சு கட்டாயம் வரும். அப்போது இதைச் சொல்லுங்கள்: மேலே கிரானைட் வேண்டாம், சாதாரணக் கான்கிரீட் கல் போதும், மிச்சத்தைக் கீழே போடுங்கள். மரத்தின் எண்ணிக்கையைக் கூடப் பாதியாக்குங்கள். இருபது நல்ல மரம் நாற்பது நோயாளியைவிட மேல். மேலே போட்ட கல்லைப் பத்து ஆண்டு கழித்து மாற்றலாம், கீழே போட்ட மண்ணை மரத்தை வைத்துக்கொண்டு மாற்ற முடியாது.

போர்டு மறைக்கும் என்ற ஷட்டர் அண்ணனின் கேள்விக்கு வருகிறேன். பயந்துபோய் "சின்ன மரமாக நடுங்கள்" என்று கேட்டுவிடாதீர்கள். சின்ன மரத்தின் இலைக்கூட்டம் மூன்று நான்கு மீட்டர் உயரத்திலேயே நிற்கும், உங்கள் போர்டும் அதே உயரம்தான், ஆயுசுக்கும் மறைக்கும். உயரமாக வளரும் சாதியைக் கேளுங்கள். முதல் சில ஆண்டு கீழ்க்கிளையைச் சிறிது சிறிதாகக் கழித்துவிட்டுக்கொண்டே போனால் இலையெல்லாம் போர்டுக்கு மேலே போய்விடும், உங்கள் பார்வைக்குக் குறுக்கே அடிமரம் மட்டும்தான் நிற்கும். அடிமரத்தை இரண்டு கடைக்கு நடுச்சுவருக்கு நேராக வைக்கச் சொல்லுங்கள், யார் வாசலும் மறையாது.

ஒரே சாதியை வரிசையாக நடுவது படத்தில் பிரமாதமாக இருக்கும், நோய் வந்தால் வரிசையாகப் போகும். 2002-ல் அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கம் ஆஷ் மரத்தைத் துளைக்கும் பச்சை வண்டு ஒன்று கண்ணில் பட்டது, பிறகு எத்தனையோ ஊர்களில் தெரு தெருவாக மொட்டையாகிவிட்டது. அதற்கும் முன்பே, 1990-ல், சாண்டமூர் என்ற ஆய்வாளர் ஊருக்கு ஒரு கணக்குச் சொன்னார்: ஒரே இனம் பத்து சதவீதத்துக்கு மேல் வேண்டாம், ஒரே பேரினம் இருபதுக்கு மேல் வேண்டாம், ஒரே குடும்பம் முப்பதுக்கு மேல் வேண்டாம். ஒரு வீதிக்கு அதை அப்படியே பிடிக்கவேண்டியதில்லை, நான்கைந்து சாதி கலந்தால் போதும்.

தூக்கம்வராதவன்:

இவ்வளவையும் படித்துவிட்டு வெளியே போய் என் வாசல் மரத்தைப் பார்த்தேன். அதைச் சுற்றிக் கழுத்துவரை சிமெண்ட். இரும்பு வளையம் வேறு மரப்பட்டைக்குள் புதைந்திருக்கிறது. இத்தனை நாள் அதற்குத் தண்ணீர் ஊற்றிப் புண்ணியம் தேடிக்கொண்டிருந்தேன்.

வேர்மண்டை:

அந்த வளையத்தை முதலில் அறுத்து எடுக்கச் சொல்லுங்கள். மரம் பெருக்கப் பெருக்க அது கழுத்தில் சுருக்கு. பட்டைக்குள் ஆழமாகப் போன துண்டை மட்டும் பிடுங்காதீர்கள், பட்டையும் கூட வந்துவிடும், அப்படியே விட்டுவிடலாம். சிமெண்ட்டைக் கையால் உடைக்கவேண்டும், இயந்திரம் வைத்தால் வேரும் போகும்.

இரண்டுசக்கரம்:

நான் சக்கர நாற்காலியில் போகிறவள். மரம், கல் எல்லாம் சரி. வரைபடத்தில் நான்கு மீட்டர் என்று எழுதியிருக்கிறது, அதில் எனக்கு எவ்வளவு?

நான்கு மீட்டரைப் பிரித்துக் கேளுங்கள். கடைச் சுவரை ஒட்டிக் கொஞ்சம், அங்கே கண்ணாடிக்குள் பார்ப்பவர் நிற்பார், கடைக்கதவு திறக்கும். சாலையை ஒட்டி ஒரு பட்டை, அதில்தான் மரம், விளக்கு, இருக்கை, குப்பைத்தொட்டி எல்லாம். நடுவில் தடையே இல்லாமல் நடக்கும் பாதை. இரண்டு சக்கர நாற்காலி எதிரெதிரே ஒதுங்காமல் கடக்க 1.8 மீட்டர் வேண்டும். அந்த 1.8 மீட்டர் வீதியின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூல் பிடித்த மாதிரி நேராக இருக்கவேண்டும். பல இடத்தில் கூட்டிக் கழித்து "சராசரி இரண்டு மீட்டர்" என்பார்கள். சராசரியில் நான் போகமுடியாது. ஒரே ஓர் இடத்தில் 70 சென்டிமீட்டர் ஆனால் எனக்கு வீதி அங்கேயே முடிந்தது.

அப்புறம் சரிவு. ஒவ்வொரு வண்டிப்பாதை வாசலிலும் நடைபாதையை இறக்கி ஏற்றுகிறார்கள், நூறு மீட்டருக்குள் ஏழெட்டு முறை இறங்கி ஏறவேண்டும், கையும் போகும் முதுகும் போகும். நடைபாதை அதே மட்டத்தில் தொடரட்டும், உள்ளே போகிற வண்டி ஏறி இறங்கட்டும். நெதர்லாந்திலும் டென்மார்க்கிலும் சின்னச் சந்து முனைகளில்கூட இப்படித்தான் செய்கிறார்கள், ஓட்டுநருக்குத் தானாக வேகம் குறைகிறது. குறுக்குச் சரிவு ஐம்பதுக்கு ஒன்றைத் தாண்டக்கூடாது, தாண்டினால் நாற்காலி சாலைப் பக்கமே இழுத்துக்கொண்டு போகும், ஒரு கையால் பிரேக் போட்டுக்கொண்டே ஒரு கையால் தள்ளவேண்டும்.

பார்வையில்லாத என் தோழி சொல்லச் சொன்னது: வழிகாட்டும் டைல்ஸ். அதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானியரான செய்இச்சி மியாகே, 1967-ல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளி பக்கத்தில் முதலில் போட்டார்கள். குமிழ் வைத்த டைல் என்றால் நில், கோடு வைத்த டைல் என்றால் போ. அவ்வளவு எளிமையானது. அதை அழகுக்கு வளைத்து வளைத்துப் போட்டு ஒரு கம்பத்தில் கொண்டுபோய் முட்டவைத்த தெருவையும் அவள் பார்த்திருக்கிறாள். பார்த்திருக்கிறாள் என்பதைவிட நெற்றியால் கண்டுபிடித்திருக்கிறாள்.

நிழல்தேடி:

மேடம், வெட்கமாக இருக்கிறது. நான்கு மீட்டர் என்று படித்துவிட்டு அதோடு நின்றுவிட்டேன், உள்ளே பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை. இப்போது எடுத்துப் பார்த்தேன். மரம் நடுவிலும் இல்லை ஓரத்திலும் இல்லை, கண்டபடி இருக்கிறது. இருக்கைகள் பாதையைப் பார்த்துக் குறுக்கே.

பழையவரைபடம்:

இருக்கை பற்றி ஒன்று. வில்லியம் வைட் என்பவர் 1970-களில் நியூயார்க்கில் திறந்தவெளிகளைக் கேமரா வைத்து மணிக்கணக்கில் படம்பிடித்தார். எங்கே மக்கள் உட்காருகிறார்கள் என்ற பெரிய கேள்விக்கு அவருக்குக் கிடைத்த பதில், உட்கார இடம் இருக்கிற இடத்தில். சிரிப்பாக இருக்கும், ஆனால் எத்தனை வடிவமைப்பாளர்களுக்கு அது இன்னும் புரியவில்லை பாருங்கள். இன்னொன்றையும் அவர் கவனித்தார்: தெரிந்தவரைச் சந்தித்தால் மக்கள் ஓரமாக ஒதுங்கிப் பேசுவதில்லை, கூட்டம் ஓடும் நட்டநடுவில் நின்றுதான் பேசுகிறார்கள். அதைத் தடுக்கவே முடியாது, அகலத்தில் அதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளவேண்டியதுதான்.

கல்லும்மண்ணும்:

சைட் இன்ஜினியர் பேசுகிறேன். எல்லோரும் நல்ல நல்ல விஷயமாகச் சொல்கிறீர்கள், இப்போது கெட்ட செய்தி. வேர்மண்டை கேட்கும் அந்த இரண்டரை மீட்டர் அகழி இருக்கிறதே, அதே இடத்தில்தான் குடிநீர்க் குழாய், கழிவுநீர், மின்கேபிள், தொலைபேசி எல்லாம் ஓடுகிறது. பழைய வீதியில் எது எங்கே ஓடுகிறது என்று யாரிடமும் ஒழுங்கான படம் இருக்காது, இருக்கிற படத்தை நம்பித் தோண்டினால் கேபிள் கையோடு வரும். டெண்டருக்கு முன்பே முப்பது நாற்பது மீட்டருக்கு ஒரு சோதனைக்குழி கையால் வெட்டிப் பார்க்கவேண்டும், தரையை ஊடுருவும் ரேடாரும் ஓட்டிப் பார்க்கலாம். திட்டம் தாமதமாகிறது என்று நீங்கள் கேள்விப்படுவதில் பெரும்பங்கு, படத்தில் இல்லாத குழாய் ஒன்று திடீரென்று முளைப்பதுதான். அதனால்தான் ஷட்டர் சொன்ன மூன்று மாதம் ஒன்பது மாதமாகிறது.

அடுத்தது, எல்லாத் துறையையும் ஒரே நேரத்தில் இறக்குங்கள். பழைய குடிநீர்க் குழாயை மாற்றாமல் அதன்மேல் புதுக்கல் பதித்தால் அடுத்த ஆண்டே அது வெடிக்கும், புதுக்கல்லைப் பெயர்ப்பார்கள், திரும்பப் பதிப்பவன் மேடும் பள்ளமுமாகப் பதிப்பான், உங்கள் வீதி ஆயுசுக்கும் ஒட்டுப்போட்ட சட்டைதான். மரத்துக்கு ஒரு பக்கம், கேபிளுக்கு ஒரு பக்கம் என்று அடியிலும் பாதை பிரித்துவிட்டு, கேபிளுக்கு இரண்டு வெற்றுக் குழாயைக் கூடுதலாகப் புதைத்துவிட்டால் நாளைக்குப் புதிதாக வருகிறவன் தோண்டாமலே இழுத்துக்கொள்வான்.

கிரானைட்டா கான்கிரீட்டா என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள். ரெண்டும் நிற்கும், அடிப்படுகை சரியாக இருந்தால். கல் ஆடுவதற்குக் காரணம் கல் இல்லை, கீழே சரியாக அழுத்தாத ஜல்லியும் ஓரத்தில் பிடிமானம் இல்லாததும்தான். கல்லை மட்டும் வழவழப்பாகப் பாலிஷ் பண்ணாதீர்கள். மழையில் முதலில் விழுகிறவர் திட்டத்தைத் திறந்துவைத்தவராகக்கூட இருக்கலாம்.

ஷட்டர், உங்களுக்கு ஒன்று. வேலையை வீதி முழுக்கத் திறந்து போடவிடாதீர்கள். நூறு மீட்டர் முடித்து மூடிவிட்டுத்தான் அடுத்த நூறு என்று ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள், தாமதத்துக்கு நாள்கணக்கில் அபராதமும் எழுதச் சொல்லுங்கள். கடை வாசலுக்குக் கைப்பிடி வைத்த பலகைப் பாலம், "கடை திறந்திருக்கிறது" போர்டு, உங்கள் சீசனில் தோண்டக்கூடாத தேதிகள், இதெல்லாம் எழுத்தில் இருந்தால்தான் நடக்கும். வாயால் சொன்னது ஜல்லியோடு போய்விடும்.

ஷட்டர்7:

இதுதான் பேச்சு. இத்தனை கூட்டத்தில் ஒருத்தர்கூட எனக்கு இதைச் சொல்லவில்லை. சரி, சரக்கு?

கல்லும்மண்ணும்:

பார்க்கிங் போகும் பக்கத்திலேயே இருநூறு மீட்டருக்கு ஒன்றிரண்டு இடத்தைச் சரக்கு இறக்குவதற்கென்று ஒதுக்கலாம். விடிகாலை முதல் கடை திறக்கும்வரை எந்த வண்டியும், அதன்பிறகு குறிப்பிட்ட நிமிடம் மட்டும். அந்த இடத்தில் நடைபாதையின் விளிம்புக் கல்லைத் தாழ்த்தி வைத்தால் தள்ளுவண்டி தடுக்காமல் ஏறும். தீயணைப்பு வண்டி புகுந்து ஏணி விரிக்கும் அகலத்தைத் தீயணைப்புக்காரர்களிடமே முன்கூட்டிக் கேட்டுவிடுங்கள், மரமெல்லாம் நட்டபிறகு அவர்கள் வந்து மாட்டேன் என்றால் வெட்டுவது மரத்தைத்தான்.

கூடைக்காரிமகள்:

என் அம்மா நடைபாதையில் உட்கார்ந்து விற்றுத்தான் என்னைப் படிக்கவைத்தார். இந்த இழையில் இதுவரை நடைபாதை வியாபாரி என்ற சொல்லே வரவில்லை. புது நடைபாதை என்றால் முதலில் அப்புறப்படுத்தப்படுவது நாங்கள்தான். வரைபடத்தில் மரத்துக்கு வட்டம் போட்டிருக்கிறார்கள், இருக்கைக்குக் கட்டம் போட்டிருக்கிறார்கள், அம்மாவுக்கு எதுவும் போடவில்லை. படத்தில் இல்லாதவர் திறப்பு விழாவன்று "ஆக்கிரமிப்பு" ஆகிவிடுவார். மரமும் இருக்கையும் இருக்கும் அந்த ஓரப்பட்டையில் மரத்துக்கு மரம் நடுவே எத்தனை பேர் உட்காரலாம் என்று இப்போதே எண்ணிக் கோடு போட்டால், நடக்கிறவர் பாதையும் தப்பும், எங்கள் பிழைப்பும் தப்பும். கூடவே நிழலும் கிடைக்கும், அம்மா இத்தனை வருஷம் குடையோடு உட்கார்ந்திருந்தாள்.

ஷட்டர்7:

கடை வாசலை அடைத்து உட்கார்ந்தால் என்ன செய்வது என்பதையும் சொல்லவேண்டும் தங்கச்சி.

கூடைக்காரிமகள்:

அதற்குத்தான் அண்ணே கோடு. கோடு இல்லாததால்தான் உங்களுக்கும் எங்களுக்கும் தினமும் காலையில் தகராறு. வீதி பளபளப்பானதும் உங்கள் வாடகையையும் ஏற்றத்தான் போகிறார்கள், அன்றைக்கு நீங்களும் நானும் ஒரே பக்கம் நிற்போம் பாருங்கள்.

ஷட்டர்7:

வாடகையைச் சொன்னதும் வயிறு கலங்குகிறது. ஆனால் சரியான பேச்சு.

பழையவரைபடம்:

பார்க்கிங்குக்கு ஒரு கதை சொல்லி முடித்துக்கொள்கிறேன். கலிஃபோர்னியாவில் பசடேனா நகரின் பழைய கடைவீதி பாழடைந்து கிடந்தது. அங்கே வண்டி நிறுத்தக் கட்டணம் கிடையாது. மீட்டர் வைக்கலாம் என்றதும் கடைக்காரர்கள் கொதித்தார்கள், வருகிற கொஞ்ச நஞ்சம் பேரும் ஓடிவிடுவார்கள் என்று. அதேசமயம் வாசலில் நிற்கும் வண்டிகளில் பாதி கடை ஊழியர்களுடையவை என்பதும் அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. கடைசியில் நகராட்சி, மீட்டரில் விழும் காசை அந்த வீதிக்கே செலவழிக்கிறோம் என்றது. ஒப்புக்கொண்டார்கள். 1993-ல் மீட்டர் வந்தது, அந்தக் காசில் நடைபாதை, மரம், விளக்கு, தினசரித் துப்புரவு. டொனால்ட் ஷூப் என்ற பேராசிரியர் இதைத்தான் சொல்லிச் சொல்லிப் பிரபலமாக்கினார்: எந்த நேரத்திலும் ஒன்றிரண்டு இடம் காலியாக இருக்கும் அளவுக்குக் கட்டணம் வையுங்கள், காசை அதே தெருவுக்குத் திருப்பிக் கொடுங்கள். காசு பொதுக் கஜானாவுக்குப் போனால் கடைக்காரனுக்கு மீட்டர் எதிரி, வாசலுக்குத் திரும்பினால் அதுவே கூட்டாளி.

வேர்மண்டை:

அந்தத் தினசரித் துப்புரவு என்ற இரண்டு சொல்லை அடிக்கோடிடுங்கள். என் துறையில் மரம் சாவது பெரும்பாலும் நட்ட முதல் இரண்டு மூன்று கோடையில். ஒப்பந்தக்காரர் நட்டுவிட்டுப் போய்விடுவார், தண்ணீர் யார் ஊற்றுவது என்று எந்தத் தாளிலும் இருக்காது. மூன்று ஆண்டு தண்ணீரும் பராமரிப்பும், செத்தால் மாற்றி நடுவதும் நட்டவர் பொறுப்பு, அதற்கான பணத்தில் ஒரு பகுதியைக் கடைசியில்தான் விடுவிப்போம் என்று எழுதுங்கள். திறப்பு விழாவுக்காகப் பெரிய மரமாகக் கொண்டுவந்து நடச் சொல்வார்கள், மயங்காதீர்கள். பெரிய மரத்தைப் பெயர்க்கும்போது வேரில் பெரும்பகுதி பண்ணையிலேயே தங்கிவிடுகிறது, அது தேறுவதற்குள் சின்னக் கன்று அதைத் தாண்டிப் போய்விடும்.

மெல்பர்ன் நகரில் மரம் ஒவ்வொன்றுக்கும் எண்ணும் மின்னஞ்சல் முகவரியும் கொடுத்தார்கள், கிளை ஒடிந்தால் புகார் எழுதட்டும் என்று. மக்கள் மரங்களுக்குக் காதல் கடிதம் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். உங்கள் குழு ஆளுக்கு இரண்டு மரம் என்று பிரித்து எண் போட்டாலே போதும்.

நிழல்தேடி:

பத்து நாளாக இங்கே வரவில்லை, காரணம் உண்டு. ஷட்டர் அண்ணனும் நானும் நின்று எண்ணினோம். ஒரு செவ்வாய், ஒரு ஞாயிறு, ஆளுக்கொரு நோட்டு. எண்களைக் குழுவில் வைப்பதற்கு முன் இங்கே போட்டால் சரியாக இருக்காது, அதனால் போடவில்லை. மற்றதை அண்ணனே சொல்லட்டும்.

ஷட்டர்7:

சொல்கிறேன், சிரிக்கக்கூடாது. என் வாசலில் காலையில் வந்து நின்று இரவு ஷட்டர் இறக்கும்வரை நகராத வண்டிகள் மூன்று. ஒன்று பக்கத்துக் கடைக்காரருடையது, ஒன்று எதிர்க்கடை மேனேஜருடையது. மூன்றாவது என் தம்பியுடையது. வாடிக்கையாளர் நிறுத்த இடமில்லாமல் சுற்றிச் சுற்றிப் போனதை நானே என் கையால் நோட்டில் எழுதினேன்.

இதனால் நான் மாறிவிட்டேன் என்று யாரும் கொடி பிடிக்கவேண்டாம். நூறு மீட்டர் நூறு மீட்டராக, தோண்டக்கூடாத தேதி, அபராதம், சரக்கு இறக்க இடம், கூடைக்காரங்களுக்குக் கோடு, இவ்வளவும் எழுத்தில் வந்தால் கையெழுத்துப் போடுவேன். வரவில்லையென்றால் அடுத்த கூட்டத்திலும் எழுந்து நின்று கத்துவேன்.

வேர்மண்டை:

அடியில் வெட்டிய படம் கிடைத்ததா நிழல்தேடி?

நிழல்தேடி:

கிடைத்தது. ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று.

வேர்மண்டை:

பூந்தொட்டி. கூட்டம் என்றைக்கு? நான் வருகிறேன், கல்லும்மண்ணும் சாரையும் இழுத்துக்கொண்டு.